மூன்று விரல் மடக்கி

போன வாரம் மகளுக்கு, "சாப்பிட்டியா?" என்று போனில் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கை மட்டும் வந்தது: கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டி, நடு மூன்றும் மடக்கி. சாப்பிட்டாளா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. ஆனால் அதைப் பார்த்ததும் எனக்குப் புளியோதரை வாசனை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தொண்ணூற்றெட்டில் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் ஒரே அபார்ட்மென்ட்டில் நாலு பேர் இருந்தோம். அதில் வேலு கோபிச்செட்டிபாளையத்துக்காரன். சின்ன வயதில் வீட்டுக் கரும்பாலையில் கரும்பு திணிக்கப் போய், இடது கையின் நடு மூன்று விரல்களையும் உருளைக்குக் கொடுத்துவிட்டான். மீதி ஏழு விரல்களால் அவன் டைப் அடிக்கிற வேகத்துக்குப் பத்து விரல்காரன் நான் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனாலும் வெளியே கிளம்பினால் அந்தக் கை ஜாக்கெட் பாக்கெட்டுக்குள்தான். அந்த வருஷம் ஈரோட்டில் அவனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டில் போட்டோ கேட்டார்கள். விரல் விஷயம் அவர்களுக்குத் தெரியாது. "கையை மறைச்சு நில்லு கண்ணு, போதும்" என்று அவன் அம்மா போனில் சொல்லிவிட்டார்.

"முன்னாடியே சொன்னா வேண்டாம்பாங்க, அப்புறம் சொன்னா ஏமாத்திட்டான்பாங்க. என்னடா பண்றது?" என்று புலம்பிக்கொண்டே இருப்பான்.

அந்தப் போட்டோ எடுக்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் சான்டா குரூஸ் கடற்கரைக்குப் போனோம். ஐஸ்கிரீம் டப்பாவில் நான் கிளறிய புளியோதரை, பெருங்காயம் தாராளம். கேமராவைக் கண்ணில் வைத்த நேரம் காற்று டப்பா மூடியைத் தூக்கிக்கொண்டு போனது. வேலு தன்னை மறந்து இடது கையை நீட்டிப் பாய்ந்தான். அலைச்சறுக்குப் பலகையோடு கரையேறிய ஒரு நரைத்தலைக்காரர் அதைப் பார்த்தார். தானும் மூன்று விரலை மடக்கி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி ஆட்டினார். நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஊத்திக்கலாமா? நான் அவசரமாக, "நோ தேங்க்ஸ், வி டோன்ட் டிரிங்க்" என்றேன். என் அறிவு அவ்வளவுதான்.

அவர் விழித்தார். பிறகுதான் வேலுவின் கையைச் சரியாகக் கவனித்து, எப்படி ஆனது என்று நேராகவே கேட்டார். "ஷுகர்கேன் மெஷின்" என்று முணுமுணுத்தான் வேலு. மனிதர் பலகையைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தேவிட்டார்.

அவர் ஹவாயில் பிறந்தவராம். இந்தச் சைகைக்கு ஷாக்கா என்று பெயராம். நல்லா இரு, பதறாதே, நாமெல்லாம் ஒன்று என்பதெல்லாம் இதற்குள் அடக்கம். எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. அவர் கேட்டு வளர்ந்தது இது. சர்க்கரை ஆலையில் நடு மூன்று விரல்களை இழந்த ஒரு தொழிலாளிக்குக் கரும்பு ரயிலில் காவல் வேலை கொடுத்தார்கள். திருட்டுத்தனமாகத் தொற்றிக்கொள்ளும் பிள்ளைகளை அந்தக் கையை ஆட்டித்தான் விரட்டுவார். பிள்ளைகளும் விரலை மடக்கி ஒருவருக்கொருவர் அதே மாதிரி ஆட்ட, மெல்ல மெல்லத் தீவே அப்படிக் கையசைக்கப் பழகிவிட்டது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பத்து விரலும் உள்ள லட்சோப லட்சம் பேர், விரல் போன ஒருவரின் கையைப் போலத் தங்கள் கையை மடக்கி வணக்கம் சொல்கிறார்கள்! வேலு ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் எறிந்துவிட்டு, இடது கையைத் தூக்கினான்.

"இப்ப எடுடா."

"அம்மா திட்டுவாங்கடா."

"திட்டட்டும். வேண்டாம்ங்கறவங்க இப்பவே சொல்லிரட்டும்."

போட்டோவோடு அந்தக் கதையையும் எழுதி அனுப்பினான். ஒரு மாதம் பதில் இல்லை. அந்த மாதம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. என் சமையலும் ஒரு காரணம். பிறகு, சம்மதம் என்று ஒரே வரி வந்தது. ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்துத் திரும்பினான். விசா கிடைத்து அவள் வர ஆறு மாதம் ஆயிற்று.

நியூயார்க்கில் இறங்கி, விமானம் மாறி, சான் ஃபிரான்சிஸ்கோ வந்தாள். அப்போதெல்லாம் டிக்கெட் இல்லாதவர்களும் விமானத்து வாசல்வரை போய் நிற்கலாம். நாலு பேரும் நின்றோம். கூட்டத்தோடு வந்தவள் வேலுவைக் கண்டதும் பையைக் கீழே வைத்தாள். மூன்று விரலை மடக்கி, கையை உயர்த்தி ஆட்டினாள். வேலு குழந்தை மாதிரி அழுதான். நாங்களும்தான்.

இரண்டாயிரத்து ஒன்றில் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு அந்த வாசலுக்கு யாரையும் விடுவதில்லை. வருகிறவர்கள் இப்போது பெட்டியை எடுத்துக்கொண்டு, வெளியே வண்டி நிற்கிற இடத்துக்குத் தாங்களே வந்துவிடுகிறார்கள். அந்தக் கை மட்டும் இப்போது போனில் வருகிறது.