கறண்ட் போய் வந்தால்

நாற்பது பச்சை விளக்குகள் ஒரே சமயத்தில் அணைந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மேசையில் வரிசையாக வைத்திருந்த கருவிகள், தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறி, சுவரிலிருந்த திரை எல்லாம் ஒன்றாகப் போயின. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போவது புதினமில்லை என்பதால் நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகுதான், கதவோரம் மெயின் சுவிச்சில் கை வைத்தபடி டெஸ்டர் அக்கா நிற்பது தெரிந்தது.

அவர் எங்கள் அலுவலகத்தின் மென்பொருள் சோதனையாளர். என்னைவிட இரண்டு வயது இளையவர். அலுவலகமே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். அவர் என்னை அண்ணை என்றார். புதிதாக வருகிறவர்கள் எங்கள் முறையைக் கேட்டு விழிப்பார்கள். நாங்கள் எழுதியதில் பிழை பிடிப்பது அவருடைய தொழில். பிடித்ததும் முகத்தில் ஒரு சின்னச் சந்தோசம் தெரியும். எனக்கு அது அறவே பிடிக்காது.

மருதனார்மடம் சந்திக்குச் சற்றுத் தள்ளி ஒரு மாடி வீட்டில் நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். குளிர் அறைகளின் வெப்பநிலையை அளந்து அனுப்பும் சிறு கருவிகளுக்கு உள்ளே ஓடும் மென்பொருளை எழுதினோம். எந்த நாட்டில் எவர் செய்த கருவியானாலும் மற்றதோடு பேச வேண்டும் என்பதற்காக உலகம் ஏற்றுக்கொண்ட பொது விதிகள் உண்டு. அவற்றின்படி எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. மறுநாள் ஒரு வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து, எங்களுக்கு வேலை தருவதா என்று முடிவு செய்ய, இரண்டு பேர் வந்து பார்ப்பதாக இருந்தது. அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அலுவலகத்தை மூடிவிட்டு எல்லோரும் கொழும்புக்கு வேலை தேடிப் போவதாகப் பேசி முடித்திருந்தோம். அக்காவால் மட்டும் போக முடியாது. கணவருக்குச் சந்தியில் கடை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மாமியார் படுக்கையில்.

அந்த விதிகளில் ஒன்று, அனுப்பிய செய்திக்குப் பதில் வராவிட்டால் கருவி சிறிது பொறுத்துத்தான் மறுபடி கூப்பிட வேண்டும் என்பது. எவ்வளவு பொறுப்பது என்பதை ஒவ்வொரு கருவியும் சீட்டுக் குலுக்குவதுபோல் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். எனக்கு அது வீண் தாமதமாகப் பட்டது. வருகிறவர்கள் முன்னால் திரை மளமளவென்று நிரம்ப வேண்டும் என்ற ஆசையில், அந்தக் குலுக்கலை அழித்துவிட்டு எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சின்ன இடைவெளியைப் போட்டுவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

அக்கா சுவிச்சை மேலே தள்ளினார். நாற்பது கருவிகளும் ஒன்றாக விழித்து, அவற்றின் அளவுகளை வாங்கித் திரைக்கு அனுப்பும் நடுப் பெட்டியை ஒன்றாகக் கூப்பிட்டன. எதற்கும் பதில் கிடைக்கவில்லை. திரும்பவும் ஒன்றாகவே கூப்பிட்டன. கலியாண வீட்டில் முதல் பந்திக்குக் கதவு திறந்ததுபோல் எல்லாம் வாசலிலேயே நெரிபட்டன. கால் மணி நேரமாகியும் ஒரு பச்சை விளக்கும் வரவில்லை.

"அண்ணை, நான் உதுக்குக் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றார். அவர் கையெழுத்தில்லாமல் சோதனை அறிக்கை வெளியே போகாது.

"நாளைக்கு அவையள் இருக்கிற ஒரு மணித்தியாலத்துக்குள்ளையோ கறண்ட் போகப் போகுது?"

"யாழ்ப்பாணத்திலை இருந்துகொண்டோ இதைக் கேக்கிறியள்?"

எனக்குக் கோபம் வந்தது. பிழை என்னுடையது என்று தெரிந்ததால் கூடுதலாகவே வந்தது. "இந்த வேலை போனால் முதல்லை வீட்டிலை இருக்கப்போறது நீங்கள்தான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைத் திருப்பிப் பிடிக்க முடியவில்லை.

அக்கா கருவிகளைக் கையால் காட்டினார். "அது தெரியும் அண்ணை. கறண்ட் போய் வந்த நேரம் உதுகள் கதைக்காட்டில், குளிர் அறைக்குள்ளை இருக்கிற மீனோ மருந்தோ பழுதாகினதை ஆர் சொல்லுறது?" என்றார். அன்று பின்னேரத்துக்குள் நான் அழித்ததை நானே திரும்ப எழுதினேன்.

மறுநாள் வந்தவர்களில் மூத்தவர், கருவிகளைப் போட்டதும் விளக்குகள் ஏன் ஒன்றாக வராமல் இப்படி முன்னும் பின்னுமாக வருகின்றன என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் தேடிக்கொண்டிருக்க, அவர் தன் பையிலிருந்து நாங்கள் கண்ணாலும் கண்டிராத வேறொரு நிறுவனத்தின் கருவியை எடுத்து மேசையில் வைத்தார். சேர்வதற்கான எண்ணைக் கொடுத்ததும் அது எங்கள் கருவிகளோடு சேர்ந்துகொண்டது. அப்போது அக்கா எழுந்துபோய், யாரையும் கேட்காமல், மெயின் சுவிச்சை இறக்கினார்.

சுவிச் மேலே போனதும் முதலில் மூன்று விளக்குகள் வந்தன. பிறகு ஏழு. நடுவில் அந்த வெளிக் கருவியும் வந்தது. இரண்டு நிமிடத்துக்குள் நாற்பத்தொன்று. மூத்தவர் எழுந்து நின்று ஒவ்வொன்றாக எண்ணினார். இதற்குமுன் பார்த்த இடங்களிலெல்லாம் இந்த இடத்தில்தான் சறுக்கினார்கள் என்றார். பிறகு, இந்தப் பகுதியை எழுதியது யார் என்று கேட்டார். அக்கா என்னைக் கைகாட்டினார். முகத்தில் அந்தச் சின்னச் சந்தோசம்கூட இல்லை. நான் நன்றி சொல்லி, கை குலுக்கி, அவ்வளவோடு இருந்துவிட்டேன்.

அந்த வேலை எங்களுக்கே கிடைத்தது. இப்போது பக்கத்து வீட்டையும் சேர்த்து எடுத்திருக்கிறோம். பருத்தித்துறையில் மீன் வைக்கும் அறை ஒன்றிலும் எங்கள் மென்பொருள் ஓடுகிறது. டெஸ்டர் அக்காதான் அலுவலகப் பொறுப்பாளர். நான் அவருக்குக் கீழே வேலை செய்கிறேன், அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எழுதியது யார் என்ற அந்த மூத்தவரின் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இத்தனை காலமும் யாருக்கும் சொல்லவில்லை. அந்த விதியை அழித்தவன் நான். அது திரும்ப வரும்வரை, தன் வேலை போனாலும் பரவாயில்லை என்று கையெழுத்து வைக்காமல் நின்றவர் அவர். பதினொரு பேரில் ஒருவர்கூடக் கொழும்புக்குப் போகவில்லை.