கரி வாங்கப் போன ஸ்டெபி

ஸ்டெபிக்குக் கம்பெனியில் சப்ளையர் மேனேஜர் என்று பெயர். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கிற கரி ஏற்றுமதிக் கம்பெனி அது. விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மேலே மண் பூசி மூட்டம் போட்டு எடுக்கிற கரி, அங்கிருந்துதான் கண்டெய்னரில் ஏறி ஜெர்மனிக்குப் போகிறது. கோடை வந்தால் அங்கே வீட்டுத் தோட்டங்களில் இறைச்சி சுடுவார்களாம். அந்த ஊர்க்காரர்களுக்குக் கரி மட்டும் வந்தால் போதாது. யார் நிலத்து மரம், வெட்டியவர்களில் பள்ளிக்கூடம் போகிற வயசுப் பிள்ளை உண்டா, காலில் பூட்ஸ் போட்டிருந்தார்களா என்பதெல்லாம் தெரிய வேண்டும். காட்டுக்குப் போய் அதைப் பார்த்துச் சொல்வது ஸ்டெபியின் வேலை.

அவள் கடற்கரைத் தெருக்காரி. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். கணவன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். அந்த வீட்டில் பயமும் பிழைப்பும் தண்ணீரைச் சுற்றித்தான் இருந்தன. முதல் தடவை மூட்டத்தைப் பார்த்தபோது, யாரையோ புதைத்துப் புதிதாக மண் பூசியதுபோல் இருந்தது அவளுக்கு. உள்ளே நெருப்பு இருக்கிறது என்று சொன்னதை நம்பவில்லை. கிட்டே போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

காட்டில் ஆரம்பத்தில் யாரும் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. பூட்ஸ் கொண்டுபோனால் சிரித்தார்கள். சீமைக்கருவேலம் தவிர வேறு மரம் கூடாது என்று, விறகு அடுக்கில் ஒரு வேப்பங்கிளை கிடந்தால்கூட அவள் உருவி வெளியே போடச் சொல்வாள். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அவள் வெயிலில் வந்து நின்றாள், கொடுத்த தண்ணீரைக் குடித்தாள், சொன்ன நாளில் லாரி அனுப்பினாள். வருஷங்கள் போகப் போக அவள் பேச்சு எடுபட்டது.

அவளிடம் கரி போட்டவர்களில் பேச்சித்தாயும் அவள் புருஷன் சுடலைமாடனும் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். பூட்ஸையும் அவள் தலையைக் கண்டதும் மாட்டுகிற ஆட்கள் இல்லை. எந்நேரமும் போட்டிருந்தார்கள்.

மூட்டம் எரிய எரிய உள்ளே விறகு வற்றும். மேலே பூசிய மண் வெடிக்கும். வெடிப்பு வழியாகக் காற்று புகுந்தால் விறகெல்லாம் சாம்பல்தான். அதனால் யாராவது மேலே ஏறி ஈர மண் வைத்து அடைக்க வேண்டும். மாசி மாதத்தில் ஒரு காலை சுடலைமாடன் அப்படி ஏறினார். ஸ்டெபி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, அந்தச் சட்டிய இங்கன தள்ளு" என்று பேச்சித்தாயிடம் சொல்லிக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தார். இடது கால் முழங்கால் வரைக்கும் உள்ளே இறங்கிவிட்டது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. பேச்சித்தாய்தான் ஏறி அவரைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். பூட்ஸ் உருகிக் காலோடு ஒட்டியிருந்தது. ஸ்டெபி வந்த காரிலேயே தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று ஸ்டெபி வீட்டுக்கு வந்தாள். குளித்தாள். காலையில் வைத்த மீன்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். கப்பலிலிருந்து கணவன் கூப்பிட்டான்.

"என்ன, ஒரு மாதிரி பேசுத?"

"ஒண்ணுமில்ல. தூக்கம் வருது."

தூக்கம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மறுநாள் ஆபீசில் விபத்தை நடந்தது நடந்தபடி எழுதி அனுப்பினாள். பாதுகாப்புக் காலணி அணிந்திருந்தாரா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதினாள்.

கம்பெனியை நடத்துகிற ஹாரிஸ் காயல்பட்டினத்துக்காரர். கெட்ட மனுஷன் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுடலைமாடனைப் பார்த்துவிட்டு வந்தவர். அடுத்த வாரம் ஸ்டெபியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"ஜெர்மனியில இருந்து மெயில் வந்திருக்கு. பெரிய காயம் பட்ட இடத்துல இருந்து கரி எடுக்கக் கூடாதாம். பேச்சித்தாயை நிறுத்தணும். நீங்களே போய்ச் சொல்லிருங்க, உங்களுக்குத்தான் பழக்கம்."

ஸ்டெபி போய்ச் சொன்னாள். பேச்சித்தாய் மூட்டத்தின் மேல் நின்றுகொண்டிருந்தாள். புருஷன் விழுந்த ஓட்டையை அடைத்து அதே மூட்டத்தை எரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் காலடியில் குனிந்து பார்த்தாள்.

"எரிஞ்சுக்கிட்டு இருக்கே தாயி. இத என்ன செய்ய? அணைக்கவும் முடியாதுல்லா."

பேச்சித்தாய் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றுகூட ஸ்டெபிக்குத் தோன்றவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, அடுத்த மூட்டத்துக்குப் போகச் சொன்னாள்.

பங்குனியில் முத்துச்செல்வத்தின் லாரி கம்பெனி வாசலுக்கு வந்தது. அவனும் ஸ்டெபியிடம் பதிந்த சப்ளையர்தான். ஆனால் அவன் மூட்டத்தைப் போன வாரம்தான் போய்ப் பார்த்திருந்தாள். அதை இன்னும் பிரிக்கவே இல்லை.

"இது எங்க உள்ள கரி?" என்று கேட்டாள்.

முத்துச்செல்வம் மறைக்கவில்லை. "பேச்சித்தாயக்கா கரிதான் மேடம். நீங்க வேண்டாம்னுட்டிய. வேற யாரு எடுப்பா? பாதி விலைக்குத்தான் தந்தாவ."

ஸ்டெபி லாரியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு ஹாரிஸின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தக் கரிய முத்துச்செல்வம் பேருல உள்ள எடுத்தா அது பொய் சார். திருப்பி அனுப்புனா அந்த அம்மாவுக்கு அந்தப் பாதியும் போச்சு. ரெண்டுமே என்னால முடியாது. நாம நிறுத்துனதால என்ன ஆச்சுன்னு ஜெர்மனிக்காரங்ககிட்ட சொல்லுங்க."

"சொன்னா ஆர்டரே போயிரும் ஸ்டெபி."

"போகட்டும் சார்."

மின்விசிறியை நிறுத்துங்கள் என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். ஹாரிஸ் லாரியை வேறு சரக்குக் கிட்டங்கிக்கு அனுப்பச் சொன்னார். அந்தக் கரியை உள்ளூரில் இஸ்திரிக்காரர்களுக்கு விற்று, முழு விலையையும் பேச்சித்தாய் கையில் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

ஜெர்மனிக் கம்பெனியோடு ஹாரிஸ் வீடியோவில் பேசி நடந்ததைச் சொன்னபோது ஸ்டெபியும் உட்கார்ந்திருந்தாள். திரையில் இருந்த பெண்ணுக்கு நரைத்த தலை. முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்றாள். வந்த மெயில்கள் எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

"கால் இல்லை" என்றாள் ஸ்டெபி ஆங்கிலத்தில்.

அந்த வருஷ ஆர்டரில் ஒரு பங்கு குறைந்தது. மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில்தான் ஜெர்மனியிலிருந்து முடிவு வந்தது. பேச்சித்தாயிடம் மறுபடி கரி எடுக்கலாம். எந்த மூட்டத்திலும் யாரும் மண்ணை மிதித்து நடக்கக் கூடாது. குறுக்கே இரும்புப் பலகை போட்டு, அதன் மேல் நின்றுதான் அடைக்க வேண்டும். பலகைக்கும் சுடலைமாடனின் செயற்கைக் காலுக்கும் ஆகிற செலவை இரண்டு கம்பெனியும் பங்கிட்டுக்கொள்ளும்.

எல்லா மூட்டங்களுக்கும் பலகை போய்ச் சேர்ந்த பிறகு ஸ்டெபி பேச்சித்தாயின் காட்டுக்குப் போனாள். நல்லது நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. பேச்சித்தாய் பலகையில் குந்தி வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தாள். சுடலைமாடன் வேப்பமர நிழலில் செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"போட்டா கடிக்கி மேடம். கொஞ்ச நேரம் கழத்தி வைக்கேன்" என்றார்.

"பழகிரும் அண்ணே."

"அப்படித்தான் சொல்லுதாவ." கழற்றிய காலைத் தள்ளி வைத்தார். "அன்னைக்கு நீங்க அழவே இல்லையாம். இவ சொல்லுவா."

"வரல அண்ணே. இப்பவும் வரல."

"எனக்கும் வரல" என்றார் சுடலைமாடன்.

ஸ்டெபி பையை இறக்கி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சித்தாய் அடைத்து முடித்துக் கீழே இறங்கும் வரைக்கும் இருவரும் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.