எல்லை ஊர் விகாரையில் நான்காவது மொழி

ஞாயிறு காலை 8.15. டென்மார்க்கின் ஹோர்சன்ஸிலிருந்து ரயில் ஏறினோம், நானும் இருபது வயது மகள் ஆரணியும். ஜெர்மன் எல்லையில் உள்ள பாட்போர்க் எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய நூற்றிமுப்பது கிலோமீட்டர். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் வியட்நாமியப் பெண் லான், தங்கள் விகாரையில் புத்தர் பிறப்பைக் கொண்டாடும் வெசாக் விழாவுக்கு மூன்று வருடமாகக் கூப்பிடுகிறாள். இம்முறைதான் ஓம் என்றேன்.

10.40. ரயில் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. விகாரை ஒரு பழைய பண்ணை வீடு. மாட்டுத் தொழுவமாக இருந்ததே இப்போது வழிபாட்டு மண்டபம். வாசலில் என் கால் நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த புத்தர் இராணுவ முகாமின் காவலரணுக்குப் பக்கத்தில் இருந்தவர். அவரைக் கடக்கும்போதெல்லாம் அடையாள அட்டையைக் கையில் எடுத்திருக்கிறேன்.

"உள்ளுக்குப் போகாட்டிலும் பரவாயில்லை அம்மா," என்றாள் ஆரணி, வழக்கம்போல டேனிஷில்.

லான் ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறியது. "நாங்களும் துவக்குக்குப் பயந்து படகில வந்த சனம்தான். நீ முற்றத்திலேயே இரு. சாப்பாடு இங்க கொண்டு வாறன்."

மரக்கறி நூடுல்ஸ் நாற்பது குரோனர். மேசையில் எதிரே யூர்கன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர். டென்மார்க் குடிமகன், வீட்டுமொழி ஜெர்மன். வருடந்தோறும் அவருடைய பாடகர் குழு இங்கே வந்து பாடுமாம். "எப்ப ஜெர்மனியிலயிருந்து வந்தனீங்கள்?" என்று கேட்டேன். சிரித்தார். "நாங்கள் வரேல்லை. நூறு வருஷத்துக்கு முந்தி எல்லைதான் எங்கட வீட்டைத் தாண்டிப் போனது." எல்லை மாறியும் இவர்கள் தங்கள் பள்ளிக்கூடங்களை, நூலகத்தை, பாட்டை விடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மண்டபச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினார்கள். வந்தவர்கள் தங்கள் மொழியில் வாழ்த்து எழுத வேண்டும். முற்றத்திலிருந்தே தெரிந்தது, நான்கு தலைப்புகள்: வியட்நாமிய மொழி, ஜெர்மன், டேனிஷ், 'ஸ்ரீலங்கன்ஸ்க்', அதாவது 'இலங்கை மொழி'. எங்களுக்காக லான் ஆசையோடு சேர்த்திருக்கிறாள். விருந்துக்கு வந்த இடத்தில் பிழை பிடிக்கக் கூடாதென்று பேசாமல் இருந்தேன்.

ஆரணி எழுந்தாள். "அப்பிடி ஒரு மொழி இல்லை." நேரே உள்ளே போய், பிக்குணியிடம் பேனா வாங்கி, அந்தச் சொல்லை ஒரே கோட்டில் வெட்டினாள். பக்கத்தில் எழுதினாள்: தமிழ். லானைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவளோ, "அப்பிடியே? எனக்குத் தெரியாமல் போச்சு," என்று அடுத்த பேனாவை நீட்டினாள்.

அதன் கீழ் ஆரணி எழுதியது: வனக்கம்.

என்னால் இருக்க முடியவில்லை. எப்போது வாசலைத் தாண்டினேன் என்று தெரியாது. அவள் பக்கத்தில் நின்று சொன்னேன்: "மூண்டு சுழி, பிள்ளை."

சிவந்த முகத்தோடு ன-வை ண ஆக்கினாள். யூர்கன் கை தட்டினார், பிறகு எல்லோரும். அப்போதுதான் நிமிர்ந்து புத்தரைப் பார்த்தேன். அருகே ஆயுதம் ஏந்திய எவரும் இல்லை, ஒரு தட்டில் தோடம்பழங்கள் மட்டும். ஊதுபத்தி ஒன்றை ஏற்றி வைத்தேன்.

15.30. யூர்கன் தன் காரில் எங்களை ரயிலடிக்குக் கொண்டு வந்து, நடைமேடைவரை கூடவே வந்தார். மேடையில் நின்று யோசித்தேன். யூர்கனின் சனத்துக்குச் சொந்தப் பள்ளிக்கூடங்கள். ஹோர்சன்ஸில் எங்கள் தமிழுக்கு இரவல் வகுப்பறை ஒன்று, சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம்.

"மகள் தமிழ் வகுப்புக்குப் போறவவோ?" என்று கேட்டார் அவர்.

"பன்னிரண்டு வயதில விட்டிட்டா," என்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

ஆரணி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "விட்டனான்தான். மறக்கேல்லை."

யூர்கனுக்குப் புரியவில்லை. அதை டேனிஷில் அவருக்குச் சொன்னேன். மேடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன்.