சவப்பெட்டி போகும் பாதை

கறுப்புப் பலகையில் வெள்ளைப் பூச்சு நடுங்காமல் இறங்கியது. எட்னாவின் இடது கையிலிருந்த கோலின் நுனியில் துணிப்பந்து. அந்தக் கோலின்மேல் வலது மணிக்கட்டு சாய்ந்திருந்தது. டிரெஸ்பாசர்ஸ் என்ற சொல்லில் முதல் மூன்று எழுத்துகள் முடிந்திருந்தன.

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலையடிவாரத்தில் அந்தச் சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. அடுத்தவர் நிலத்தில் மீறி நுழைபவர்களுக்கு அதுதான் பெயர். ஞாயிறு ஜெபத்தில் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பதும் அதே சொல்லால்தான்.

நுழைவோர் மேல் வழக்கு என்று எழுதித் தரச் சொன்னவர், மலைக்குச் சொந்தக்காரரான பிரபுவின் காரியஸ்தர் கிராஸ்லி. காட்டுக்கோழி வேட்டைக்காக, தேவாலயத்துக்குப் போகும் மலைப்பாதையில் புதிதாகக் கதவு போட்டிருந்தார்கள். அதன் பிறகு இறந்த முதல் ஆள் கல்லுடைக்கும் சைலஸ். சவப்பெட்டி போகும் வழியை எவராலும் அடைக்க முடியாது என்பது அந்த ஊரார் உறுதியாக நம்புவது. வியாழக்கிழமை அடக்கம். அதற்குள் பலகை தொங்கவேண்டும்.

எட்னா ஹிப்பர்ட் கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பார்த்தே எழுதப் பழகியவள். அவள் அடுப்பு எரிவது பிரபுவின் வேலையால். சவப்பெட்டித் தகட்டில் பெயர் எழுதுபவளும் அவள்தான். கணவன் சைலஸின் தகட்டை வாங்க வந்த மெர்சி பலகையைப் பார்த்தாள்.

"நீயே இத எழுதினா, பெட்டியத் தூக்க ஒருத்தரும் வரமாட்டாங்க, எட்னா."

அவள் போனதும் எட்னா கந்தலை டர்பன்டைனில் நனைத்து மூன்று எழுத்துகளையும் துடைத்தாள். மறுபடி எழுதினாள்: தேவாலயப் பாதை. சவ ஊர்வலம் போகும் வழி.

கிராஸ்லி வந்து இரண்டு முறை படித்தார்.

"நீ ரொம்ப மீறிப் போற, எட்னா."

"மீறினது யாரு? ஊரே நடந்த பாதையில கதவு போட்டது நீங்க."

இனி பிரபுவின் தூரிகை வேலை ஒன்றுகூட இங்கே வராது என்றார். கடைகளுக்கெல்லாம் பெயர்ப்பலகை வேண்டியிருக்கிறது என்றாள் அவள். பலகையைக் கேட்டார். மரம் தன்னுடையது என்று சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவப் போய்விட்டாள்.

வியாழன் காலை, மெர்சியின் வாசலில் பெட்டியைச் சுற்றி ஆறு பேர் நின்றார்கள். எல்லாரும் பிரபுவின் வீடுகளில் குடியிருப்பவர்கள். பெட்டியைத் தூக்க ஒருவரும் குனியவில்லை. எட்னா பலகையை அணைத்தபடி வருவதைப் பார்த்ததும் அவர்களில் மூத்தவன் தொப்பியைச் சட்டைப்பையில் திணித்தான்.

"அவ பொழப்பையே விட்டுட்டு வந்து நிக்கிறா. தூக்குங்கடா."

பெட்டி தோளுக்கு ஏறியது. ஊர்வலத்தின் முன்னால் தூக்கிப் போக எட்னா பலகையை மெர்சியிடம் நீட்டினாள்.

"ஓரத்தப் பிடிச்சுக்க. நடுவுல இன்னும் ஈரமா இருக்கு."