ஒற்றைக் கோப்பை மோக்கா

அதால்ஜீசாவுக்கு உலகத்தில் யாரையும் பிடிக்காது என்று வட இத்தாலியின் நொவாரா ஊரில் சொல்வார்கள். பிடிக்காமல் போவதற்குக்கூட ஒருவரைக் கொஞ்சம் பொருட்படுத்த வேண்டும். அந்தச் சிரமத்தை அவள் எடுத்துக்கொண்டதில்லை.

நோட்டரி அலுவலகத்தில் உயில்களும் கிரயப் பத்திரங்களும் தட்டச்சு செய்தே தலை நரைத்தவள். எந்த வீட்டில் அண்ணன் தம்பியை ஏமாற்றினான், எந்தக் கிழவர் யாருக்குத் தோட்டத்தை எழுதிவைத்தார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கோயிலில் முன்வரிசையில் கண்மூடி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் அவள் மூக்கு தானாகச் சுளிக்கும். இளவயதில் அவளை இரண்டு பேர் பெண் கேட்டார்கள். ஒருவன் சூப்பை உறிஞ்சிக் குடித்தான். இன்னொருவன் பச்சை சாக்ஸ் போட்டிருந்தான். கதை அத்தோடு முடிந்தது.

அவளோடு இருந்தவன் தம்பி ரெமீஜியோ. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவன். அம்மா போன பிறகு சமையல் அவள் பொறுப்பு, காப்பி அவன் பொறுப்பு என்று ஆகிவிட்டது. காலையில், அடியில் கொதிக்கும் தண்ணீர் பொடி வழியே மேலேறுகிற மோக்கா பாத்திரத்தில் காப்பி இறக்கி, அவள் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுப்பான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "நேத்தைவிட மோசம்" என்பாள். அவன் தலையாட்டிவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து தன் கோப்பையைக் குடிப்பான். சர்க்கரை கிடையாது. சர்க்கரை போட்டுக் காப்பி குடிப்பது குழந்தைகளும் தெற்கத்திக்காரர்களும் செய்கிற வேலை என்பது அவள் தீர்ப்பு.

ஒரு இலையுதிர் காலத்தில் அந்தப் பழைய மோக்கா இடுப்பில் திருகி மூடுகிற இடத்தில் ஆவியைக் கக்க ஆரம்பித்தது. ரப்பர் வளையம் மாற்றியும் நிற்கவில்லை. மரை தேய்ந்துவிட்டது என்றான் ரெமீஜியோ. "உன் மூளை மாதிரி" என்றாள் அவள். சனிக்கிழமை இருவரும் பெர்த்தோலாவின் பாத்திரக் கடைக்குப் போனார்கள்.

பெர்த்தோலா வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். சிவப்பு வர்ணம் பூசிய ஒன்றை முதலில் எடுத்துக் காட்டினார்.

"இது என்ன, சர்க்கஸுக்கா?" என்றாள்.

"அப்ப எவர்சில்வர் பாருங்க, சிஞ்ஞோரினா. ஆயுசுக்கும் வரும்."

"என் ஆயுசுக்கா, உங்க ஆயுசுக்கா? ஆஸ்பத்திரிக் கிண்ணம் மாதிரி இருக்கு. எடுத்து வைங்க. சாதாரண அலுமினியத்துல, மூணு கோப்பை அளவு. பழசு அதுதான்."

அவர் அலமாரியிலிருந்து மூன்று கோப்பைப் பாத்திரத்தை எடுத்தார். அவள் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தாள், கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள். அப்போதுதான் ரெமீஜியோ பக்கத்திலிருந்த ஒற்றைக் கோப்பைப் பாத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தான். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அளவு.

"அது எதுக்குடா? பொம்மைக்கு வாங்கப் போறியா?"

"உனக்கு, ஜீசா. மூணு கோப்பையில ஒரு ஆளுக்குப் போட்டா நல்லா வராது. அளவா இருக்கணும்."

"ஒரு ஆளா? நீ என்னத்தக் குடிப்ப?"

அவன் பாத்திரத்தின் அடியைப் பார்த்தபடி சொன்னான். "நான் அங்க குடிச்சுக்குவேன்."

"எங்க?"

"நுன்சியா வீட்ல."

பெர்த்தோலா திடீரென்று தூசி தட்டத் தொடங்கினார். நுன்சியா யாரென்று அவளுக்குத் தெரியும். தெற்கே நாப்போலிப் பக்கத்திலிருந்து வந்தவள், விதவை, சந்தையில் பொத்தானும் நூலும் விற்பவள். அவள் சிரித்தால் மூன்று கடை தள்ளியிருக்கும் பாலாடைக்கட்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான். ஒரு வருஷமாகத் தம்பியின் சட்டைகளில் ஒரு பொத்தான்கூட விழாதது ஏன் என்பது அந்த நிமிஷம்தான் அதால்ஜீசாவுக்கு விளங்கியது.

அவள் கத்தவில்லை. பாத்திரக் கடையில் கத்துகிறவர்களை அவளுக்குத் தெரியும். ஒற்றைக் கோப்பையை வாங்கித் திருப்பிப் பார்த்து, "மூடி சரியா உக்காரல. வேற எடுங்க" என்றாள் பெர்த்தோலாவிடம். வேறொன்று வந்தது. அதற்கான பணத்தை அவளே கொடுத்தாள்.

வீட்டுக்குள் வந்து கோட்டைக் கழற்றியதும் சொன்னாள். "அறுபத்திநாலு வயசுல. பொத்தான்காரி கூட."

"ஆமா."

"அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"சிரிக்கத் தெரியும்" என்றான் அவன். வாழ்நாளில் அக்காவுக்கு அவன் கொடுத்த முதல் பதிலடி அது.

அந்த வாரமே இரண்டு பெட்டியோடு கிளம்பினான். கிளம்பும் முன் அடுப்பங்கரையில் நின்று சொல்லிக் கொடுக்கப் பார்த்தான். "தண்ணி வால்வுக்குக் கீழ நிக்கணும். பொடிய அமுக்காத. தீய சின்னதா வை."

"ஒரு ஆபீஸையே நடத்துனவ நான். போடா."

மறுநாள் காலை பொடியைக் கரண்டியால் நன்றாக அமுக்கினாள், அமுக்காதே என்று அவன் சொன்னதற்காகவே. தீயைப் பெரிதாக வைத்தாள். பாத்திரம் சீறியது, முனகியது, கடைசியில் தார் மாதிரி கொஞ்சம் துப்பியது. அதை முழுவதும் குடித்து, "அவன் போட்டதுக்கு இது தேவலை" என்று காலி வீட்டுக்குச் சொன்னாள். அந்த மாதம் முழுக்க வயிறு எரிந்தது. பிறகு ஒருநாள் அமுக்காமல் போட்டுப் பார்த்தாள். அதைப் பற்றி யாரிடமும் அவள் பேசவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். நுன்சியா கையில் இனிப்புப் பெட்டி, தலையில் செம்பு நிறச் சாயம்.

"வணக்கம், அண்ணி!"

"அண்ணியா? எந்தக் கல்யாணத்துல?"

நுன்சியா சிரித்தாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது போலிருந்தது அதால்ஜீசாவுக்கு. காப்பி போடப் போனாள். வீட்டில் இருந்தது அந்த ஒற்றைக் கோப்பைப் பாத்திரம்தான். வேறு வாங்கவும் இல்லை, பக்கத்து வீட்டில் இரவல் கேட்கவும் இல்லை. முதல் கோப்பையைக் கொண்டுவந்து தம்பி முன் வைத்தாள். திரும்பிப் போய்ப் பாத்திரத்தைக் குழாயடியில் ஆறவிட்டு, கழுவி, துடைத்து, மறுபடி தண்ணீர் ஊற்றினாள். அவசரமே இல்லை. உட்கார்ந்திருக்கட்டும், தங்களை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று தெரியட்டும்.

இரண்டாவது ஏறிக்கொண்டிருக்கும்போது நுன்சியா அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றாள்.

"என்னைப் பிடிக்கலன்னா வாயால சொல்லிடலாமே. எதுக்கு மூணு தடவை அடுப்பு பத்த வைக்கணும்? கேஸ் வீணு."

"எனக்கு உன்னப் பிடிக்கல."

"சரி. சர்க்கரை எங்க இருக்கு?"

இப்படி ஒரு பதிலை அதால்ஜீசா எதிர்பார்க்கவில்லை. கேக்குக்காக வைத்திருந்த சர்க்கரை டப்பாவைக் கையால் காட்டினாள். நுன்சியா ஒரு கிண்ணத்தில் சர்க்கரையைக் கொட்டி, பாத்திரத்தில் முதலில் ஊறி வந்த நாலு சொட்டுக் காப்பியை அதில் விட்டு, கரண்டியால் மடமடவென்று அடித்தாள். சர்க்கரை வெளுத்து, நுரைத்து, கிரீம் மாதிரி திரண்டது.

"இதென்ன கண்றாவி?"

"உங்க தம்பிக்கு. அவருக்கு இது இல்லாம இறங்காது."

ரெமீஜியோ ஆறிப்போன தன் காப்பியில் அந்த நுரையை அள்ளிப் போட்டான். இரண்டு கரண்டி, பிறகு இன்னொரு கரண்டி. குடித்தான். மீசையில் ஒட்டியதை நாக்கால் நக்கினான். கிண்ணத்தில் மிச்சமிருந்ததை விரலால் வழித்தான். இத்தனை வருஷம் காலையில் எதிரே உட்கார்ந்து அந்தக் கசப்பை முகம் சுளிக்காமல் குடித்தவன் இவன்தான். சர்க்கரை வேண்டுமென்று ஒரு நாளாவது கேட்டானா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்றும் அவளுக்குத் தெரிந்தது. அதற்காக அவளுக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. கேட்கக்கூட முதுகெலும்பில்லாத ஆள்.

"சுத்த மடையன்டா நீ" என்றாள்.

"தெரியும், ஜீசா" என்றான் அவன், சந்தோஷமாக.

மறுநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்ட மூன்றாம் மாடி அம்மாள் மெதுவாக விசாரித்தாள். அதால்ஜீசா நின்று நிதானமாகச் சொன்னாள். தம்பிக்குத் தொந்தி போட்டுவிட்டது, அந்தப் பெண்ணுக்குத் தலையில் சாயமும் தொண்டையில் ஒலிபெருக்கியும், இனிப்பில் வெண்ணெய்க்குப் பதில் மார்கரின்.

"அடுத்த வாரமும் வர்றாங்களாமே? ரெமீஜியோ சொன்னாரு. எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"யார் கூப்பிட்டா? அவளே வரேங்கறா" என்று அதால்ஜீசா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.