சந்திரமதி அக்கா போட்ட சமையல் புத்தகம்

சந்திரமதி அக்காவின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. பிறவியிலேயே அப்படி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு சமையல் புத்தகத்தால் வந்தது.

ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருக்கிறது அவருடைய பதிப்பகம். கீழே டயர் கடை. ஏறும்போதே ரப்பர் வாடையும் அச்சு மையின் வாடையும் கலந்து வரும். செம்பனைத் தோட்டத்துப் பாம்புகளைப் பற்றி நான் எழுதிய புத்தகத்தை வேறு எவரும் தொடவில்லை, அக்காதான் போட்டார். அந்த வருஷம் அவர் போட்ட மற்றவை: கார் லைசென்ஸ் தேர்வுக்குக் கேள்வி பதில், கருமாதிச் சடங்குக்கு ஒரு கையேடு, ஒரு செக்யூரிட்டி காவலாளியின் கவிதைகள், பேய்க்கதைகள், ஆஸ்துமா உள்ள பிள்ளையை வளர்ப்பது எப்படி.

"என்னக்கா, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே?" என்று கேட்டேன்.

"ஜனங்க வாழ்க்கையில என்ன சம்பந்தம் இருக்கு? காலையில லைசென்ஸ் எடுக்கணும், சாயங்காலம் வீட்டுல ஒருத்தர் செத்துடுறாரு, ராத்திரி பேய்க்குப் பயம். எல்லாத்துக்கும் ஒரு புத்தகம் வேணும்லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் தொடங்கிய விதத்தில் சிரிப்பு கிடையாது. சிகாமட்டிலிருந்து வந்து, சிங்கப்பூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்த காலத்தில், ஏர்கோன் பழுதுபார்க்கும் அவருடைய தம்பி செல்வாவை ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் வெட்டினார்கள். கார் நிறுத்துவதில் வந்த தகராறு. காரில் வந்தவர்கள் பாராங் கத்தியோடு இறங்கினார்கள். முதல் வெட்டைச் செல்வா கையால் தடுத்தான். அடுத்த வெட்டுக்குத் தடுக்கக் கையில்லை. கடையிலிருந்தவர்கள் தட்டோடு எழுந்து உள்ளே போனார்கள். மறுநாள் பத்திரிகையில் 'குண்டர் கும்பல் மோதல்' என்று மூன்று வரி வந்தது.

அக்கா அங்கே பார்த்தவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கேட்டு, தம்பி செத்த விதத்தை ஒரு சிறு புத்தகமாக எழுதினார். எங்கே முதல் வெட்டு விழுந்தது, யாரைக் கூப்பிட்டான், எவ்வளவு நேரம் உயிர் இருந்தது, எல்லாம் இருந்தது. பதிப்பாளர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். "ஒரே ரத்தமா இருக்குன்னாங்க," என்பார். "ரத்தமாத்தான் இருந்துச்சு." வேலையை விட்டு, ஒரு பழைய அச்சகம் மூடியபோது அங்கிருந்த மெஷின்களை வாங்கி, அவற்றோடு பைண்டர் மணியத்தையும் கூட்டிக்கொண்டு வந்து, தானே அச்சடித்தார். செல்வாவின் புத்தகம்தான் பதிப்பகத்தின் முதல் புத்தகம்.

ஷர்மினி வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. கோத்தா திங்கியில் வீட்டிலிருந்தே சமைத்து ஆர்டருக்குக் கொடுக்கிறவள். ஒரு திருமண வீட்டில் அவள் வைத்த மீன் தலைக் கறியைச் சாப்பிட்டுவிட்டு, அக்கா சமையல்கட்டுக்கே போய்ப் பார்த்தார். முப்பது வயதுகூட இருக்காது. முழுக்கை பனியனோடு அடுப்புக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் சமையலைப் புத்தகமாப் போடலாமா?"

"எனக்குத் தமிழ் எழுத வராதுக்கா. மலாய் ஸ்கூலு."

"எழுத வேணாம். சமைக்கும்போது போன்ல பேசி அனுப்பு. நான் டைப் பண்ணிக்கிறேன்."

அப்படித்தான் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. ஷர்மினி பேசுவதே ருசியாக இருக்கும். வெங்காயம் எந்த நிறத்துக்கு வந்தால் தக்காளி போட வேண்டும், புளியை எப்போது விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வருவாள். இடையில் வேறு மாதிரியான வரிகளும் வரும். "சாம்பாரை அவரு வர்றதுக்குள்ள இறக்கிடணும், ஒரு தடவை லேட்டாயி, கரண்டியைப் பழுக்கக் காய்ச்சிக் கையில வச்சாரு." உப்பைப் பற்றிச் சொல்கிற அதே குரல்தான். அக்கா முதலில் அதைத் தான் தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்தார். பிறகு திரும்பப் போட்டுக் கேட்டார். முழுக்கை பனியன் நினைவுக்கு வந்தது. போன் செய்து கேட்டபோது, "அது பழசு லா அக்கா," என்று ஷர்மினி வைத்துவிட்டாள்.

ஒரு நாள் காலை, கடையைத் திறந்து உட்கார்ந்து, முந்தின நாள் வந்த பதிவைப் போட்டார். மீன் தலைக் கறி. மீனைக் கழுவுகிற சத்தம், எண்ணெய் காய்கிற சத்தம். கதவு திறந்தது. ஒரு ஆண் குரல், சத்தம் போடாமல், "சோறு ஆறிப்போச்சு," என்றது. "இதோ சூடு பண்ணித் தரேன்," என்றாள் ஷர்மினி. ஏதோ கனமானது சுவரில் மோதியது. சட்டி தரையில் விழுந்து சுற்றியது. அவள் கத்தவில்லை, அதுதான் அக்காவுக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவள் மூச்சு மட்டும் 'ஹக், ஹக்' என்று வெளியே வந்துகொண்டிருந்தது. பின்னால் தொலைக்காட்சியில் ஒரு நாடகம் ஓடியது. யாரோ அதன் சத்தத்தைக் கூட்டினார்கள்.

அக்கா மணியத்திடம் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு காரை எடுத்தார்.

கோத்தா திங்கி வீட்டில் ஷர்மினியின் கணவன் மகேஸ்வரன் இல்லை. அவன் டோ லாரி வைத்திருப்பவன். பழுதாகி நிற்கிற கார்களை இழுப்பது அவன் தொழில், கையை ஓங்கிப் பேசுவது அவன் வழக்கம், அதனால் அந்தத் தாமான் குடியிருப்பில் யாரும் அவனிடம் வம்புக்குப் போவதில்லை. கூடத்தில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்தும் பார்க்காதவர்போல இருந்தார். ஷர்மினி அடுக்களையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கண் மூடியிருந்தது. கீழுதடு பிளந்து தொங்கியது. குனிந்தபடியேதான் நின்றாள், நிமிர முடியவில்லை.

"வா, போகலாம்."

"எப்படிக்கா? ஆர்டர் இருக்கு. மீன் வாங்கிட்டேன்."

"மீன் கிடக்கட்டும்."

"கெட்டுப்போயிடும்கா."

அக்கா அந்த மீன்களை அப்படியே ஐஸ் பெட்டியில் அள்ளிப் போட்டு, பெட்டியைக் காரில் ஏற்றினார். மீன் ஏறிய பிறகுதான் ஷர்மினி ஏறினாள்.

மருத்துவமனையில் விலா எலும்புகள் உடைந்திருப்பதாகச் சொன்னார்கள். பழைய முறிவுகள் தானாகக் கூடிய அடையாளமும் படத்தில் தெரிந்தது. போலீஸில் புகார் கொடுத்தார்கள். நீதிமன்றம் மகேஸ்வரன் அவளை நெருங்கக் கூடாது என்று பாதுகாப்பு ஆணை போட்டது. ஷர்மினி பெண்கள் காப்பகம் ஒன்றில் தங்கினாள்.

உடம்பு தேறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "புத்தகம் என்னாச்சுக்கா?"

சமையலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடலாம் என்று அக்கா சொன்னார்.

"வெட்டாதீங்க. ஒவ்வொரு கறிக்கும் நான் அடி வாங்கியிருக்கேன். கறியை மட்டும் போட்டா பாதிதானே?"

அப்படியே வந்தது புத்தகம். 'சோறு ஆறிப்போச்சு' என்று பெயர். வாழைப்பூ வறுவலின் செய்முறை முடிகிற இடத்தில் அவள் முடியைப் பிடித்து இழுத்துப்போனது இருந்தது. ரசத்தில் பல் உடைந்தது இருந்தது. தைப்பூசத்தில் கடை போட்டபோது, சமையல் புத்தகம் என்று எடுத்த பெண்கள் நின்றபடியே படித்தார்கள். சிலர் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் தூரம் போய், திரும்பி வந்து வாங்கினார்கள். ஒரு பெரியவர், "குடும்ப விஷயத்தை விக்கிறியா?" என்று மேசை மேல் துப்பினார். அக்கா அதைத் துடைத்துவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்து வைத்தார்.

புத்தகத்தில் மகேஸ்வரனின் பெயர் கிடையாது. ஆனால் கோத்தா திங்கியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கார் பழுதானவர்கள் வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அக்காவின் போனில் மிரட்டல்கள் வந்தன. ஒரு காலையில் வந்து பார்த்தால் படிக்கட்டு முழுக்கச் சிவப்புச் சாயம், கதவுப் பிடியில் கழுத்து அறுபட்ட கோழி. அக்கா மறுபடி புகார் கொடுத்தார். கோழியை மணியம் குப்பையில் போட்டார்.

அவன் வந்தது நல்ல மழை பெய்த ஒரு மத்தியானம். டயர் கடையில் ஆளில்லை. இரண்டாம் பதிப்புக்குப் பைண்டிங் நடந்துகொண்டிருந்தது, பசை உருக்கும் மின்சாரச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் இரண்டு பேர் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் இரும்புக் கம்பி. மணியம் எழுந்து, "யார் வேணும்?" என்று கேட்டார். கம்பி அவர் நெற்றியில் இறங்கியது. வயதானவர், அப்படியே தாள்கட்டு மேல் சாய்ந்தார். வெள்ளைத் தாளில் ரத்தம் மளமளவென்று ஊறியது.

மகேஸ்வரன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"எங்க அவ?"

"தெரியாது."

அலமாரிகளைச் சாய்த்தான். என் பாம்புகளும் கருமாதிக் கையேடும் பேய்களும் தரையில் சரிந்தன. கூட வந்தவன் அவற்றின் மேல் பெட்ரோலை ஊற்றத் தொடங்கினான். மகேஸ்வரன் அக்காவின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, தாள் வெட்டும் மெஷினுக்கு இழுத்துப்போனான். அது பழைய கை மெஷின். தாளை அசையாமல் அமுக்க மேலே ஒரு சக்கரம், வெட்டுவதற்குப் பக்கத்தில் நீளமான பிடி. அவர் இடது கையை உள்ளே தள்ளிச் சக்கரத்தைச் சுற்றினான்.

"டைப் பண்ணின கை இதுதானே?"

இரும்பு இறங்கியது. விரல்கள் ஒவ்வொன்றாக நொறுங்கிய சத்தம் தனக்கே கேட்டது என்கிறார் அக்கா. "எங்க அவ? சொல்லு." அவர் சொல்லவில்லை. அவன் வெட்டும் பிடிக்கு எட்டிக் குனிந்தான். அந்தக் குனிவில் அவன் முகம் அக்காவின் பக்கத்தில் வந்தது. பசைச் சட்டி அவருடைய வலது கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அதில் கிடந்த கரண்டியால் அள்ளி அவன் கழுத்தில் ஊற்றினார்.

கொதிக்கிற பசை தண்ணீர்போல வழிந்து போகாது, பிடித்துக்கொள்ளும். மகேஸ்வரன் அதைப் பிய்க்கப் போனான், உள்ளங்கையும் ஒட்டிக்கொண்டது, கையை இழுத்தபோது தோலும் வந்தது. அவன் அலறிய அலறலில் மற்றவன் பெட்ரோல் டின்னைப் போட்டுவிட்டு ஓடினான். நெருப்பு வைக்க அவனுக்கு நேரமில்லை.

அக்கா ஒரு கையால் சக்கரத்தைத் திருப்பி, நசுங்கிய கையை வெளியே எடுத்தார். அத்தோடு நிற்கவில்லை. கீழே உருண்டுகொண்டிருந்தவனின் கம்பியை எடுத்து முழங்காலில் அடித்தார். எலும்பு உடைந்தது கையில் தெரிந்தது. மறுபடி அதே இடத்தில் அடித்தார். பிறகு எங்கே அடிக்கிறோம் என்று பார்க்காமலே அடித்தார். மணியம் தவழ்ந்து வந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்மா. செத்துடுவான்."

"சாகட்டும்."

"புத்தகமெல்லாம் பெட்ரோல்ல கிடக்கு. வெளிய போகணும், வாம்மா."

அதைக் கேட்டுத்தான் அவர் கம்பியைக் கீழே போட்டார்.

மருத்துவமனையில் ஷர்மினி வந்து பார்த்தாள். கட்டுப் போட்ட கையைத் தொடவில்லை. "கத்தினானா?" என்று கேட்டாள்.

"கத்தினான்."

"சத்தமாவா?"

"கீழ ரோட்டுக்கே கேட்டிருக்கும்."

ஷர்மினி தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தனை வருஷம் அடி வாங்கினேன். ஒரு நாள்கூட நான் கையை ஓங்கினதில்ல. உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்குக்கா." சொல்லிவிட்டு அழுதாள். அக்கா நல்ல கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மகேஸ்வரனுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஓடிப்போனவனும் பிடிபட்டான். அக்காவையும் விசாரித்தார்கள். பசை ஊற்றியது தற்காப்பு, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கம்பியால் அடித்ததுதான் சிக்கல். பயத்தில் அடித்தேன் என்று சொல்லும்படி வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அதிகாரி கேட்டபோது அக்கா, "அப்ப பயம் போயிடுச்சு சார். அடிக்கணும்னு தோணுச்சு, அடிச்சேன்," என்றார். வழக்கறிஞர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். நீதிமன்றம் நன்னடத்தைப் பிணையில் விட்டது. எனக்கு இதைச் சொன்னபோது அக்கா, "செல்வாவை வெட்டினவனுங்களுக்கும் அப்படித்தான் தோணியிருக்கும், இல்ல?" என்று கேட்டார். அது வேறு இது வேறு என்றேன். அவர் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

வழக்கு முடிந்த பின் ஒரு நாள் மகேஸ்வரனின் அம்மா படியேறி வந்தார். நேராக மேசைக்கு வந்து அக்காவைக் கன்னத்தில் அறைந்தார். மணியம் பதறி எழுந்தார். அக்கா கையமர்த்தினார்.

"எம்புள்ள கழுத்தைப் பார்த்தியாடி? சட்டைக் காலர் பட்டாலே துடிக்கிறான்."

"உங்க மருமக விலாவைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்," என்றார் அந்த அம்மா. "எல்லாத்தையும் நான்தான் பார்த்தேன்." திரும்பி, கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

அன்று மாலை அக்கா இதை ஷர்மினிக்குப் போன் செய்து சொன்னார். ஷர்மினி இப்போது ஒரு பேக்டரி கேன்டீனில் சமைக்கிறாள், விவாகரத்தும் கிடைத்துவிட்டது.

"தனியாவா வந்தாங்க?" என்று கேட்டாள். "கோத்தா திங்கியிலேர்ந்து தனியா பஸ் ஏறத் தெரியாதேக்கா அவங்களுக்கு."