இரண்டு வரிக்கு ஒரு சிபாரிசு

மகளின் ஓவியப் போட்டிச் சான்றிதழை லேமினேஷன் செய்ய நேற்று ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். சூடான பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் லேமினேஷன் ஆகாத காகிதமே கிடையாது. விட்டால் என்னையும் அந்த மெஷினுக்குள் விட்டு எடுத்திருப்பார்.

அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளர். திண்டுக்கல்லில் அவருக்குத் தெரியாத ஆபீஸ் வாசல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து ஊரே கறிக்கடைக்கு ஓடும்போது, அவர் மட்டும் கோயில் வாசலில் யாரையாவது பிடித்து வைத்துப் பேசிக்கொண்டிருப்பார். பதினோராம் வகுப்பில் எனக்குக் கம்ப்யூட்டர் குரூப் கிடைத்தது அப்படித்தான். காந்திகிராமம் பக்கம் ஹாஸ்டலில் இடம் கிடைத்ததும் அப்படித்தான். எது கிடைத்தாலும், இன்னார் சொன்னதால் கிடைத்தது என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டே வரும். எனக்கு அது பிடிக்கவே இல்லை. யாரும் சொல்லாமல், நானாக, ஏதாவது ஓர் இடத்தில் உள்ளே போய்விட வேண்டும். அந்த வயதில் வேறு லட்சியம் இருந்ததாக நினைவில்லை.

படிப்பு முடிந்து வேலை இல்லாமல் சுற்றிய காலம். என்னிடம் இருந்த கிழட்டு லேப்டாப்பில், உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி இலவசமாகத் தரும் ஓர் இயங்குதளத்தைப் போட்டிருந்தேன். அதில் தப்பு கண்டால் யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். எனக்கும் ஒரு தப்பு மாட்டியது. அதை நிறுவச் சொல்லித்தரும் பக்கத்தில், பென் டிரைவைக் கழற்று என்று ஒரு படி. அதிலிருந்து ஃபைல்களைக் காப்பி செய் என்பது அதற்கு அடுத்த படி! சொன்னபடியே கழற்றிவிட்டு அரை நாள் திருதிருவென்று முழித்தவன் நான்.

இரண்டு வரிகளையும் இடம் மாற்றி அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம். எனக்குத் தெரிந்த ஒரே கடிதம் பள்ளிக்கூட லீவ் லெட்டர். மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன் என்று ஆங்கிலத்தில் முடித்தேன். சிரிக்காதீர்கள், ரொம்பப் பணிவாகத்தான் எழுதியிருந்தேன்.

பதில் வரவில்லை. என் கடிதத்துக்கு அடியில் ஏதோ எந்திரம் தானாகப் போட்ட நீளமான அறிவிப்பு மட்டும் இருந்தது. தியேட்டரில் புகைபிடிக்காதீர் என்று போடுவார்களே, அதைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தாண்டிவிட்டேன். உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடப்பேன், டீ குடிப்பேன், திரும்பி வந்து அந்தப் பக்கத்தைத் திறப்பேன்.

"சோத்துல கைய வச்சுக்கிட்டு போன்ல என்னடா பாக்குற?" என்று அம்மா ஒருநாள் கத்தியதும் அப்பா விசாரித்தார். சொன்னேன்.

"ஏலே, அங்கிட்டு நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரும் இல்லியா?"

"அங்கல்லாம் சிபாரிசு கெடையாதுப்பா. வேல சரியா இருந்தா எடுத்துக்குவாங்க."

"அப்பறம் ஏன் இம்புட்டு நாளா எடுக்கல?"

"இந்தா கெடக்கு, நீங்களே பாருங்க" என்று எரிச்சலில் போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

மறுநாள் என் திருத்தத்துக்கு அடியில் ஒரு புதுக் குறிப்பு. மேலே அப்பாவின் பெயர். போனில் பார்த்த முகவரியைக் குறித்துக்கொண்டு போய், பிரவுசிங் சென்டர் பெண்ணிடம் சொல்லி ஆங்கிலத்தில் அடித்துப் போட்டிருக்கிறார். "ஐயா, என் மகன் நல்ல பையன். சரியாகச் சாப்பிடுவதில்லை. அவன் கேட்பது இரண்டு வரிதான். தயவுசெய்து அவனை உள்ளே விடுங்கள்."

உலகமே பார்க்கிற இடம் அது. "ஒங்கள யாருப்பா கேக்கச் சொன்னா? மானமே போச்சு" என்று குதித்தேன்.

"கேட்டா என்னப்பு, கொறஞ்சா போயிருவோம்?" என்று கேட்டுவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே பதில் வந்தது, எனக்கு அல்ல, அவருக்கு. எழுதியது, அங்கே திருத்தங்களைச் சரிபார்த்துச் சேர்க்கும் ஒரு பெண். "உங்கள் மகனின் திருத்தம் சரியானது. அவருக்காகத்தான் நாங்கள் காத்திருக்கிறோம். மேலே இருக்கும் அறிவிப்பைப் படித்து, திருத்தத்தை எல்லோருக்கும் இலவசமாகத் தரச் சம்மதம் என்று அவர் ஒரு டிக் போட வேண்டும். அவரைச் சாப்பிடச் சொல்லுங்கள்."

டிக் போட்டேன். சேர்த்துக்கொண்டார்கள். அம்மா கேசரி கிண்டினாள், எனக்குத்தான் இறங்கவில்லை. சரியாக இருந்ததால் சேர்த்தார்களா, அப்பா கேட்டு ஒருத்தி எட்டிப் பார்த்ததால் சேர்த்தார்களா? அந்தக் கேள்வி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. வெறி பிடித்தவன்போல் அடுத்தடுத்து அனுப்பினேன். டிஸ்க் நிரம்பினால் 'ஃபைலைக் காணோம்' என்று பொய் சொன்ன நிரலைக்கூடத் திருத்தினேன். அதெல்லாம் எனக்காக யாரும் கேட்காமலே உள்ளே போனது. அதைக் காட்டித்தான் வேலையும் வாங்கினேன். ஆனாலும் அந்த முதல் பக்கத்தை மட்டும் யாரிடமும் காட்டியதில்லை.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள், அவர் எழுதியதைப் படிக்க வேண்டும்போல் இருந்தது. போய்ப் பார்த்தால், இடையில் அவர்கள் எல்லாவற்றையும் வேறு தளத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். திருத்தங்கள் மட்டும் வந்திருக்கின்றன, அவற்றுக்கு அடியில் எழுதிய பேச்சுகள் வரவில்லை. எங்கெங்கோ தேடினேன், கிடைக்கவில்லை.

இரண்டு வரியும் சரியான வரிசையில் இருக்கின்றன. பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. நான் ஆசைப்பட்ட மாதிரியே, எனக்காக யாரும் யாரிடமும் போய் நின்றதற்கு அங்கே ஓர் அடையாளமும் இல்லை.